கோப்பி விரதம் இருக்கவில்லை

அந்த மங்கில் தயிர்ச்சோறு இருந்தது. வெள்ளை எனாமல் கிண்ணம், விளிம்பில் பச்சைக் கோடு, மூன்று இடத்தில் பூச்சு உதிர்ந்து கறுத்துப் போயிருக்கும். தைப்பூசத்துக்கு மறுநாள் காலை அது. உலு திராமில் நான் வேலை செய்யும் லோரி யார்டின் பின்வேலி ஓரம், முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு சிமெண்டு மேடை இருக்கிறது. அதன்மேல் மங்கை வைத்து, சுற்றிலும் சாமந்திப் பூ போட்டு, ஊதுபத்தி கொளுத்தியிருந்தார்கள். கறுப்பு எறும்புகள் வரிசையாக ஏறிப்போய், ஆளுக்கொரு பருக்கையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக இறங்கின. மேடைக்குக் கீழே மண்ணுக்குள் கோப்பி கிடக்கிறான். எங்கள் யார்டு நாய். அவன் வயிற்றைக் கெடுத்தது அந்தச் சோறுதான். அதையே வருடா வருடம் கொண்டுவந்து அவன் தலைமாட்டில் வைக்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நான் மூன்றாம் படிவம் வரைதான் படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் சமய வகுப்புக்குப் போய்விட்டு வந்த என் மகள் ஒரு படத்தைக் காட்டினாள். மண்ணிற நாய் ஒன்று, நெற்றியில் திருநீறு, கழுத்தில் மாலை, தலைக்குப் பின்னால் மஞ்சள் வட்டம். "அப்பா, உங்க யார்டுல ஒரு நாய் விரதம் இருந்துச்சாமே! சோறு தண்ணி இல்லாம முருகன நெனச்சுக்கிட்டே சாமிகிட்ட போயிருச்சாம். வகுப்புல சொன்னாங்க. நெசமாப்பா?" என்று கேட்டாள். "சாப்பிடும்மா, அப்புறம் சொல்றேன்" என்றேன். இதுதான் அந்த அப்புறம். என் மகளுக்கும், அவளோடு அந்த வகுப்பில் உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்ட பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்கிறேன். கோப்பி விரதம் இருக்கவில்லை. கோப்பிக்கு வயிற்றால் போனது. ஐந்து நாள் போனது. நாங்கள் பத்துப் பதினைந்து பெரியவர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்தக் கதையைக் கட்டியவர் எங்கள் மண்டோர். மண்டோர் என்றால் வேலையாட்களைப் பார்த்துக்கொள்கிறவர். பெயர் வேண்டாம், யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். திட்டிவிட்டு மறந்திருப்பேன். என் மகள் பிறந்த நாளில், கொட்டுகிற மழையில், என் மனைவியைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு ஜொகூர் பாருவுக்கு ஓட்டியவர் அவர். பிள்ளை பிறக்கும்வரை ஆஸ்பத்திரிப் பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "பொண்ணுடா தம்பி, மகாலெட்சுமிடா" என்று என்னைவிட அதிகமாக அழுதவரும் அவர்தான். யாருக்கும் வேலையில் ஓரவஞ்சனை செய்ததில்லை. லோரிக்காரர்கள் சண்டை போட்டால் நடுவில் போய் நின்று, இரண்டு பேருக்கும் ஒரே டம்ளரில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துக் குடிக்க வைப்பார். அப்படிப்பட்டவரிடம் எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்? எனக்கு வரவில்லை. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

கோப்பிக்கு அந்தப் பெயர் நிறத்தால் வந்தது. பால் ஊற்றாத கோப்பி நிறம். குட்டியாக டயர்க் குவியலுக்குள் கிடைத்தான். ஒன்பது வருடம் எங்களோடு இருந்தான். நான் யார்டில் டயர் பார்க்கிறவன். காலையில் முதலில் வருவதும் நானே என்பதால் அவன் சாப்பாடு என் பொறுப்பு. ரோட்டுக்கு எதிரே கோழிச்சோற்றுக் கடை வைத்திருந்த சீன ஆன்ட்டி கோழிக் கழுத்தும் தோலும் ஒரு பையில் போட்டு எடுத்துவைப்பார். சோற்றோடு வேகவைத்து, எலும்பையெல்லாம் எடுத்துவிட்டு, அந்தப் பச்சைக்கோட்டு மங்கில் போடுவேன். ஒன்பது வருடமும் அதே சாப்பாடு. நக்கி முடித்தானென்றால் மங்கைக் கழுவ வேண்டிய வேலையே இருக்காது. பிறகு வாசலுக்கு ஓடுவான். மண்டோர் காரை விட்டு இறங்கியதும் அவர் கால்விரல்களை நக்க வேண்டும். சப்பாத்து போட்டு வந்தால் முனகுவான். அதற்காகவே அவர் செருப்போடு வந்து, அப்புறம் வேலைச் சப்பாத்தை மாட்டிக்கொள்வார்.

நடுவில் ஒரே ஒரு முறை சாப்பாடு மாறியது. சீனப் பெருநாளுக்கு ஆன்ட்டி கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனபோது, நான் பாக்கெட்டில் விற்கும் காய்ந்த நாய்த்தீனி வாங்கி மங்கு நிறையப் போட்டேன். மறுநாளே அவனுக்கு வயிறு கலங்கிவிட்டது. தீனி விற்ற கடைக்காரப் பெண்ணிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெலான்-பெலான் லா, அங்கிள்!" என்றார். மெதுவாக, மெதுவாக. பழைய சோறே நிறைய இருக்க வேண்டும், அதில் புதுசு ஒரு கை. இரண்டு மூன்று நாள் கழித்துப் பாதிக்குப் பாதி. ஒரு வாரம் பத்து நாளில்தான் முழுசும் புதுசு. மனிதனைப் போல நாய் இன்றைக்கு இட்லி, நாளைக்கு நாசி லெமாக் என்று தின்று பழகியதில்லை. ஒரே சாப்பாட்டுக்குப் பழகிய குடலுக்குப் புதுச் சாப்பாட்டோடு சேர நாள் வேண்டும் என்றார். அப்படியே செய்தேன். இரண்டே நாளில் சரியாகிவிட்டான். ஆகவே, பிள்ளைகளே, எனக்குத் தெரியும். பின்னால் நடந்ததெல்லாம் தெரியாமல் நடந்தது என்று மண்டோர் சொல்லிக்கொள்ளலாம். நான் சொல்லிக்கொள்ள முடியாது.

நான்கு வருடத்துக்கு முன்பு மண்டோரின் மனைவிக்கு வயிற்றில் கட்டி வந்தது. அறுத்து எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மண்டோர் ஒவ்வொரு வருடமும் காவடி எடுக்கிறவர். அந்த வருடம் மனைவிக்காக வேண்டிக்கொண்டு நாற்பத்தெட்டு நாள் கடும் விரதம் பிடித்தார். முதல் நாள் காலை தகரக் கொட்டகைக்குக் கீழே எங்களையெல்லாம் நிற்கவைத்தார். நெற்றியில் பட்டை, காவி வேட்டி. அழுது மூக்கு சிவந்திருந்தது.

"யார்டுக்குள்ள இனி கோழி, மீனு, முட்ட ஒன்னும் வரக்கூடாது. சாப்பிடணும்னா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ச் சாப்பிட்டுக்குங்க. எனக்காக இத மட்டும் செய்யிங்க" என்றார்.

"மண்டோர், ராத்திரி தின்ன ஆட்டுக்கறி வயித்துக்குள்ள இருக்கு. அத கேட்டுக்கு வெளிய வச்சிட்டு வரவா?" என்று லோரிக்காரர் ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மண்டோரும் சிரித்தார்.

"அண்ணே, கோப்பிக்கு?" என்றேன்.

"அதாண்டா தம்பி யோசிச்சேன். கோழி தின்ன வாயால என் கால நக்குனா விரதம் என்னாவுறது? கட்டிப்போடலாம்னு பாத்தா மனசு வரல. நாப்பத்தெட்டு நாளு என்னைய பாக்காம ஏங்கிப் போயிருவான். அவனும் நம்மளோட சைவமா இருக்கட்டும். நானே வீட்லேர்ந்து கொண்டாறேன்."

அன்பினால் சொன்னதுதான். அதுதான் என்னை உறுத்துகிறது. வெறுப்பில் யாரும் கோப்பியை ஒன்றும் செய்யவில்லை. "கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும்ணே" என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகியிருக்கும்? ஒரு மூச்சு. "சரிண்ணே" என்றேன். கோழி வேகவைக்கும் பானையைக் கழுவிக் கவிழ்த்தேன்.

முதல் நாள் மங்கு நிறையத் தயிர்ச்சோறு, நெய் ஊற்றிய பருப்பு, தனியே ஒரு சட்டிப் பால். கோப்பி ஆசையாகத் தின்றான். "கோப்பி சாமியாராயிட்டான் லா!" என்று கைதட்டினார்கள். மறுநாள் டயர்க் குவியலுக்குப் பின்னால் மஞ்சளாக இளகிப் போயிருந்தது. மூன்றாம் நாள் வெறும் தண்ணீராகப் போனது. நான் மண்டோரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் முகத்தில் கவலை வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் சந்தோஷப்பட்டார்.

"ஒன்பது வருசத்துக் கழிவுடா. எல்லாம் வெளிய போவுது. உடம்பு சுத்தமாவுது. எனக்கும் மொத நாளு வேப்பிலச் சாறு குடிச்சப்ப இப்படித்தான் போச்சு."

அன்று மத்தியானம் அதே வேப்பிலைச் சாற்றை அவனுக்கும் வாயைப் பிளந்து ஊற்றினார். கோப்பி கக்கினான். நான்காம் நாள் அவன் மங்கின் பக்கமே போகவில்லை. மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மண்டோருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியாடா, நம்ம யாரும் சொல்லல. அவனே விரதத்த புடிச்சிக்கிட்டான்!" என்றார். எங்களில் ஒருவர் படம் பிடித்துக் கைப்பேசியில் அனுப்பிவிட்டார். சாயங்காலத்துக்குள் கோயில் ஆட்கள் ஐந்தாறு பேர் காரில் வந்திறங்கி, திருநீறு பூசி, மாலை போட்டுவிட்டுப் போனார்கள். நிற்க முடியாமல் பின்னங்கால் நடுங்கிய நாயைப் பார்த்து, "எப்படி அடக்கமா நிக்குது பாருங்க" என்றார் ஓர் அம்மா. நானும் பக்கத்தில்தான் நின்றேன். என் வாயில் என்ன இருந்தது? கொழுக்கட்டையா?

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி நாற்றம் தாங்கவில்லை என்று முறையிட்டார். மண்டோர் என்னைக் கூப்பிட்டு, "சுத்தமானது போதும். தண்ணி குடிக்கக் குடிக்கத்தான் இன்னும் போவுது. அந்த வாளிய எடுத்து மேல வைடா தம்பி, வயிறு காயட்டும். பசிச்சா பால் குடிப்பான்" என்றார். கோப்பியின் தண்ணீர் வாளி. அதை எடுத்து, அவனுக்கு எட்டாத உயரத்தில், லோரி டயர்களுக்கு மேலே வைத்தவன் நான். என் இரண்டு கையால் வைத்தேன். கோப்பி என்னைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான், திரும்ப என்னைப் பார்த்தான். அவன் குரைக்கவில்லை. குரைத்திருந்தால்கூட எனக்கு ரோஷம் வந்திருக்கும்.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. மத்தியானம் அவனைக் காணவில்லை. தேடினால், அலுவலகச் சுவரில் ஏர்கோன் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் படுத்திருந்தான். சொட்டு விழுந்து நனைந்த சிமெண்டை நக்கிக்கொண்டிருந்தான். மாலை அழுக்காகிக் கழுத்திலேயே கிடந்தது. படுத்திருந்த அட்டையில் இரத்தம். பிடரித் தோலை விரலால் தூக்கிவிட்டேன். அது திரும்பி ஒட்டவில்லை, மடித்துவைத்த துணி மாதிரி அப்படியே நின்றது. மாலையை அறுத்து எறிந்துவிட்டு அவனைத் தூக்கினேன். எப்போதும் மூச்சு வாங்கவைக்கும் நாய்; அன்று காலி டயர் மாதிரி இருந்தான்.

மண்டோர் வாசலில் கையை விரித்து நின்றார்.

"எங்கடா தூக்கிட்டுப் போற?"

"டாக்டர்கிட்ட. வழி விடுங்கண்ணே."

"ஊசி போடுவாங்க, கோழி ஈரலக் கொடுப்பாங்க. பாதியில கலைச்சா என் வேண்டுதலு என்னாவுறது? அவ வயித்த அறுக்கப் போறாங்கடா! உனக்குத் தெரியாதா?"

"உங்க விரதத்த நீங்க இருங்கண்ணே. இவன் உங்ககிட்ட விரதம் கேட்டானா? இவனுக்கு வயித்தால போவுது! ரத்தமா போவுது! அஞ்சு நாளா நம்ம எல்லாரும் நின்னு வேடிக்க பாத்துக்கிட்டு இருக்கோம்!"

அவரிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "இப்ப போனா திங்கக்கெழம வேலைக்கு வராத" என்றார். அவர் தோளில் இடித்துக்கொண்டுதான் வெளியே போனேன்.

மிருக டாக்டரம்மா இளவயதுக்காரர். மலாயில் கேட்டார், நானும் மலாயில் பதில் சொன்னேன். என்ன சாப்பாடு, எப்போது மாற்றினீர்கள், எத்தனை நாளாகப் போகிறது, எத்தனை தடவை கக்கினான். சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது. சாப்பாட்டைத் திடீரென்று மாற்றியது தப்புதான், ஆனால் அது சின்னத் தப்பு என்றார். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. நெய்யும் பருப்பும் சேர்ந்தால் இன்னும் மோசம். இருந்தாலும் அன்றைக்கே அந்தச் சாப்பாட்டை நிறுத்தி, தண்ணீரை முன்னால் வைத்து, மறுநாளே இங்கே கொண்டுவந்திருந்தால், இந்நேரம் வாலாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான் என்றார். பிறகு கேட்டார்: "தண்ணீர் குடித்தானா?" நான் கோப்பியின் காதைத் தடவினேன். "ஐயா, தண்ணீர் குடிக்கக் கொடுத்தீர்களா?" என்று மறுபடி கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். இல்லை என்று. அவர் திட்டவில்லை. காலில் ஊசி குத்த நரம்பைத் தேடினார். உடம்பில் ஈரம் வற்றி நரம்பெல்லாம் உள்ளே போயிருந்தது. மறுநாள் பத்து மணிக்கு அழைப்பு வந்தது. சிறுநீரகம் நின்றுபோய்க் கோப்பி இறந்துவிட்டானாம்.

தைப்பூசத்தன்று மண்டோர் காவடி எடுத்தார். அடுத்த வாரம் அவர் மனைவியின் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இன்றைக்கும் நலமாக இருக்கிறார், இருக்கட்டும். என்னை வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளுக்குப் பதிலா அவன் போயிட்டான்டா தம்பி" என்றார். கண்ணில் தண்ணீர் ஓடியது. பிறகு சிமெண்டு குழைத்து, அவனைப் புதைத்த இடத்தில் அந்த மேடையைத் தம் கையாலேயே கட்டினார். அன்றுமுதல் அந்தக் கதை யார்டிலிருந்து கோயிலுக்கும், கோயிலிலிருந்து உங்கள் வகுப்புக்கும் போய்விட்டது. எவ்வளவு அழகான கதை! தப்புச் செய்தவன் ஒருவன்கூட இல்லாத கதை. வாளியை எடுத்துவைத்த கையும் அதில் இல்லை. முருகன்மேல் எனக்குக் கோபமில்லை; நானும் பால்குடம் எடுக்கிறவன்தான். ஒரு வாயில்லா ஜீவனைத் தாகத்தில் சாகவிட்டுவிட்டு, அதன் நெற்றியில் திருநீறு பூசி மறைக்கிறோமே, அதற்குத்தான் கோபம்.

இதைப் படித்துவிட்டு என் மகள் ஒன்று கேட்பாள். "மண்டோர் தாத்தா சொன்னா நீங்க ஏன்ப்பா எடுத்து வச்சீங்க?" என்று. அம்மா, அதற்கு என்னிடம் பதில் இல்லை. பெரியவர், நல்லவர், விரதத்தில் இருக்கிறவர், மனைவிக்கு உடம்பு முடியாதவர். எல்லாம் காரணம்தான். ஒன்றுகூடப் பதில் இல்லை. பிள்ளைகளே, நீங்களாவது இதை நினைவில் வையுங்கள். உங்கள் வீட்டில் புரட்டாசி வந்தாலும் விரதம் வந்தாலும் நாய்க்கு அது கிடையாது. சாப்பாட்டை மாற்றியே ஆக வேண்டுமென்றால் பெலான்-பெலான். வயிறு கலங்கினால் தண்ணீரை மட்டும் எடுக்காதீர்கள். இரத்தம் கண்டாலோ, கக்கினாலோ, சோர்ந்து படுத்தாலோ அன்றைக்கே டாக்டர். பெரியவர்கள் வேறு எது சொன்னாலும் சத்தம் போடுங்கள். மரியாதை கெட்டுப்போகும் என்று பயப்படாதீர்கள். நான் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டேன், கோப்பியைக் காப்பாற்றவில்லை.

இந்த வருடமும் தைப்பூசத்துக்கு மறுநாள், எறும்பு ஏறிய அந்தத் தயிர்ச்சோற்றைப் புல்லில் கொட்டினேன். மங்கைத் தேய்த்துக் கழுவி, குழாயைத் திறந்து விளிம்பு வரை தண்ணீர் பிடித்தேன். நான்கு வருடமாக யாருக்கும் தெரியாமல் செய்து வந்தேன். இந்த முறை குனிந்து மேடையில் வைக்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மண்டோர். மறந்து விட்டுப்போன தீப்பெட்டிக்கு வந்திருந்தார். இப்போதும் காலையில் செருப்போடுதான் வருகிறார்.

"என்னடா பண்ற? சோத்த ஏன் கொட்டுன?"

"தண்ணி வைக்கிறேண்ணே."

"தண்ணியா? அவன் சாமிப் பிள்ளடா. சாமிப் பிள்ளைக்குத் தாகம் எடுக்குமா?"

"நாய்க்கு எடுக்கும்ணே."

அவர் மங்கைப் பார்த்தார். பிறகு கொட்டகையின் டயர்க் குவியலைப் பார்த்தார், நான் வாளியை வைத்த அந்த உச்சியை. செருப்பைத் தேய்த்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். தீப்பெட்டியைக்கூட எடுக்கவில்லை. அடுத்த தைப்பூசத்துக்கும் அவர் தயிர்ச்சோறு கொண்டுவருவார், எனக்குத் தெரியும். கொண்டுவரட்டும். நானும் கொட்டுவேன், கழுவுவேன், பச்சைக் கோடு நனைகிற வரைக்கும் தண்ணீர் ஊற்றுவேன்.